மூட்டின் அசைவை அளப்பது எப்படி? எலும்பைத் தொட்டறிவது முதல் எண்ணை எழுதுவது வரை

இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கோனியோமீட்டரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு கோணமானியும் அதிலிருந்து கிளம்பும் இரண்டு பட்டைகளும் கொண்ட அந்தக் கருவியைப் பிடிப்பதில் எவருக்கும் சிரமம் இல்லை. ஆயினும் ஒரே நோயாளியின் ஒரே தோளை மூன்று மாணவர்கள் அளந்தால் மூன்று எண்கள் வருகின்றன. அவற்றுக்கிடையே 30 டிகிரி வரைகூட வேறுபாடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கருவியில் பிழை இல்லை. எந்த எலும்பு நிற்க வேண்டும், எந்த எலும்பு நகர வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமலேயே அளக்கத் தொடங்கிவிடுவதுதான் காரணம்.

கீழே உள்ள வரிசை மாணவர்களுக்காக எழுதப்பட்டது. யோகா ஆசிரியர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் ஒருவரின் முன்னேற்றத்தைக் கவனித்து வருபவர்களும் இதைப் பின்பற்றலாம். படிகளை இடம் மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்ததற்கான தரையைத் தயார் செய்கிறது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோனியோமீட்டர்கள் இரண்டு வேண்டும். முழங்கால், இடுப்பு, தோள் ஆகியவற்றுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டைகளும், மணிக்கட்டு, விரல்களுக்குச் சிறிய பட்டைகளும் தேவை. நீளமான எலும்பைக் குட்டைப் பட்டையால் அளந்தால், பட்டை எலும்பின் போக்கைக் காட்டாமல் அந்த இடத்துச் சதையின் சரிவைக் காட்டும்.

நடுவில் உள்ள ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த ஆணியுள்ள கருவியை உடலிலிருந்து எடுத்த மறுகணமே கோணம் மாறிவிடும்.

உறுதியான படுக்கை ஒன்று வேண்டும். மெத்தையோ சோஃபாவோ உதவாது. உடல் அமுங்கினால் இடுப்பெலும்பு சாய்ந்துகொள்ளும், அந்தச் சாய்வு உங்கள் எண்ணுக்குள் வந்து சேரும். மடித்த துண்டு இரண்டு, தோலில் குறியிடப் பேனா, குறிப்பேடு, மறைப்புக்கு ஒரு போர்வை ஆகியவை போதும்.

ஆடைக்கு மேல் அளக்கக் கூடாது. சேலை, நைட்டி, சுடிதார் அணிந்து வருபவர்களிடம் இதைச் சொல்லத் தயங்கி, துணிக்கு மேலேயே பட்டையை வைத்து ஒப்பேற்றும் மாணவர்கள் பலர். முழங்காலுக்கு மேல் வரை சுருட்டக்கூடிய தளர்ந்த கால்சட்டையுடன் வருமாறு முன்னதாகவே சொல்லிவிட்டு, திரை இழுத்து, அளக்கும் மூட்டைத் தவிர மற்ற இடங்களைப் போர்வையால் மூடினால் யாருக்கும் சங்கடம் ஏற்படாது.

அளக்கவே கூடாதவர்களையும் இந்த நிலையிலேயே பிரித்துவிடுங்கள். எலும்பு முறிவு இருக்கலாம் என்ற ஐயம், மூட்டு விலகல், சூடாகவும் சிவந்தும் வீங்கிய மூட்டு, கூடவே காய்ச்சல் ஆகியவை இருந்தால் கருவியை எடுக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்தவரெனில், எந்த அசைவு எத்தனை டிகிரி வரை அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் பார்த்த பிறகே தொடுங்கள்.

2. அந்த மூட்டு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் சொல்லிப் பாருங்கள்

அசைவு எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்பதை எலும்பு முனைகளின் வடிவமும், அவற்றைச் சுற்றியுள்ள மூட்டுறையும், எலும்பை எலும்போடு கட்டும் தசைநார்களும் தீர்மானிக்கின்றன. இதை முன்கூட்டியே ஊகிக்கத் தெரியாதவர், வரக்கூடாத எண் வந்தால் அதை அடையாளம் காண மாட்டார்.

அசையும் மூட்டுகளில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டுறையின் உட்படலம் சுரக்கும் மசகுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது, அதுவும் மூட்டு அழுந்தித் தளரும்போது திரவம் உள்ளே சென்று வருவதன் மூலம். நெடுநாள் கட்டுப்போட்டு அசையாமல் வைத்த மூட்டு ஏன் இறுகுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. மற்றொரு பகுதி சுருங்கிப்போகும் மூட்டுறையில் இருக்கிறது.

வடிவங்களை இவ்வாறு நினைவில் கொள்ளலாம். முழங்கையும் விரல் கணுக்களும் கீல் மூட்டுகள்; கதவைப் போல ஒரே தளத்தில் மடங்கி நீளும். கழுத்தின் முதல் இரு எலும்புகளுக்கு இடையிலும், முன்கையின் இரு எலும்புகள் முழங்கைக்கு அருகே சேரும் இடத்திலும் இருப்பவை முளை மூட்டுகள்; அவை சுழலும். தலையை இடவலமாகத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதியைக் கழுத்தின் அந்த முதல் மூட்டு ஒன்றே செய்கிறது. மணிக்கட்டு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் இரு தளங்களில் அசையும். கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு. அது இருப்பதால்தான் கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியை எதிர்கொண்டு தொட முடிகிறது. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். மூன்று தளங்களிலும் அசையும்.

ஒரே பெயருள்ள இந்த இரண்டு மூட்டுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் சற்று நில்லுங்கள். இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் பாதியளவு புதைந்திருக்கிறது. தோளின் கிண்ணமோ தட்டு போல ஆழமற்றது. மேற்கை எலும்பின் பந்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே அது ஏந்தி நிற்கிறது. தோள் அதிகம் அசைவதும், எளிதில் விலகுவதும், அதைத் தாங்கும் தோள்பட்டை எலும்பு கூடவே நகர்ந்து நம்மை ஏமாற்றுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

முழங்காலைப் பலர் வெறும் கீல் என்று எழுதிவிடுகிறார்கள். தொடை எலும்பின் முனை, கீழ்க்கால் எலும்பின் மேல் உருள்வதோடு சறுக்கவும் செய்கிறது; உருளல் மட்டும் இருந்தால் அது பின்பக்கமாக உருண்டு மேடையை விட்டே போய்விடும். மேலும், காலைத் தொங்கவிட்டு நீட்டும்போது இறுதிச் சில டிகிரிகளில் கீழ்க்கால் சற்று வெளிநோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. எனவே முழங்காலின் அச்சு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏழாம் படியில் இது உங்களுக்குத் தேவைப்படும்.

3. பூஜ்ஜியம் எது என்பதை உறுதி செய்யுங்கள்

நிமிர்ந்து நின்று, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்னோக்கி இருக்கும் நிலையே பெரும்பாலான மூட்டுகளுக்குப் பூஜ்ஜியம். கணுக்காலுக்கு மட்டும் பாதமும் கீழ்க்காலும் செங்கோணமாக இருக்கும் நிலை பூஜ்ஜியம். முன்கைச் சுழற்சிக்கு, முழங்கையை மடக்கிக் கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும் நிலை பூஜ்ஜியம்.

அங்கிருந்து கோணம் குறைய வளைவது மடக்கல், திரும்ப விரிவது நீட்டல், உடலின் நடுக்கோட்டை விட்டு விலகுவது விலக்கல், நடுக்கோட்டை நோக்கி வருவது அணைத்தல், எலும்பு தன் நீள அச்சிலேயே திரும்புவது சுழற்றல். பிரிவில் நாங்கள் ஃப்ளெக்ஷன், எக்ஸ்டென்ஷன், அப்டக்ஷன், அடக்ஷன், ரொட்டேஷன் என்று வழங்குவது இவற்றைத்தான்.

கோனியோமீட்டரின் வட்டத்தில் இரண்டு அளவு வரிசைகள் எதிரெதிர்த் திசையில் அச்சிடப்பட்டிருக்கும். முழங்கால் 65 டிகிரி மடங்கியிருக்க, தவறான வரிசையைப் படித்து 115 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கருவியை வைக்கும் முன்பே, கோணம் செங்கோணத்தைவிடக் கூடுதலா குறைவா என்று கண்ணால் ஒரு மதிப்பீடு செய்துகொண்டால் இந்தப் பிழை எழுத்துக்கு வராது.

4. உடலை அமர்த்துங்கள்

ஒரு தசை இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்லுமானால், ஒரு மூட்டில் அதை இழுத்துப் பிடித்திருக்கும்போது மற்றதில் அது தடையாகும். இப்போதே மணிக்கட்டை முழுவதுமாக உள்நோக்கி மடக்கிக்கொண்டு, விரல்களை இறுக மூடப் பாருங்கள், மூட முடியாது. விரல் மூட்டுகளில் கோளாறு இல்லை; புறங்கை வழியே வரும் தசைநாண்களின், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகளின், நீளம் தீர்ந்துவிட்டது.

இந்த விதியை மறந்தவர் மூட்டை அளப்பதாக நினைத்துக்கொண்டு தசையின் நீளத்தை அளப்பார். ஆகவே இடுப்பு மடக்கலை அளக்கும்போது முழங்காலையும் மடக்க வேண்டும். நீட்டிய காலோடு தூக்கினால் தொடையின் பின்தசை முதலில் இழுத்து நிறுத்திவிடும். கணுக்காலை மேல்நோக்கி மடக்குவதை அளக்கும்போது, முழங்காலுக்கு மேலிருந்தே தொடங்கும் கெண்டைக்கால் தசை தளர்வதற்காக முழங்காலை மடக்கி வைக்க வேண்டும். முழங்கால் மடக்கலை மல்லாந்த நிலையில் அளக்க வேண்டும். குப்புறப் படுத்தால் இடுப்பு நீண்டு, தொடையின் முன்தசை இழுக்கத் தொடங்கும். மணிக்கட்டை அளக்கும்போது விரல்களைத் தளர்த்தி விடச் சொல்லுங்கள்.

5. நல்ல பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் அவரே அசைக்கட்டும்

வலியில்லாத பக்கத்தை முதலில் அளப்பதில் இரண்டு பயன்கள் உள்ளன. என்ன நடக்கப்போகிறது என்பதை அவர் அச்சமின்றித் தெரிந்துகொள்வார்; அவருக்கு இயல்பு எது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வீர்கள்.

பாடநூல் அட்டவணையில் முழங்கால் மடக்கல் 135 டிகிரி என்றுதான் பரவலாகக் காணப்படும். வாழ்நாள் முழுவதும் தரையில் குத்தவைத்துக் காய் நறுக்கியவருக்கும் சம்மணமிட்டுச் சாப்பிட்டவருக்கும் அது போதாது. அவர்களுடைய குதிகால் தொடையின் பின்பக்கத்தைத் தொடும் வரை மடங்கும். அத்தகைய ஒருவருக்கு 135 வந்ததும் இயல்பு என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், அவர் இழந்ததை நாம் பதிவு செய்யவே இல்லை. அட்டவணையைவிட மறுபக்க மூட்டையே நம்புங்கள். இரு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அட்டவணைக்குப் போகலாம்.

பிறகு பாதிக்கப்பட்ட மூட்டை அவரே இரண்டு மூன்று முறை மெதுவாக அசைக்கட்டும். முதல் அசைவில் திசுக்களின் விறைப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் அதை அளக்காதீர்கள். அவர் தானாகச் செய்யும் அசைவை அளந்து முடித்த பின்னரே, நீங்கள் தாங்கிப் பிடித்து மேலும் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். தானாக வருவது 60, நீங்கள் தூக்கினால் வருவது 150 எனில், மூட்டு திறந்திருக்கிறது. தசையிலோ தசைநாணிலோ நரம்பிலோ சிக்கலைத் தேட வேண்டும். இரண்டும் 60லேயே நின்றால் மூட்டையே சந்தேகிக்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் நீங்கள் தூக்கினால், வலி கிளம்பி, அடுத்து அவர் தானாகச் செய்யக்கூடியதையும் செய்ய மாட்டார்.

6. நிற்கும் எலும்பைப் பிடியுங்கள்

எந்தப் படியைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. மூட்டு இறுகும்போது உடல் அந்த அசைவைப் பக்கத்து மூட்டிலிருந்து கடன் வாங்குகிறது. அது அவ்வளவு இயல்பாக நடப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை.

இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்மணி, ஐம்பது வயதைக் கடந்தவர், சர்க்கரை நோயும் உள்ளவர், வலது தோள் இறுகிப்போய் வந்திருந்தார். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி, "கையை முன்னாடி தூக்குங்கம்மா" என்றார். அவர் தூக்கினார், மாணவி கருவியை வைத்து 130 என்று படித்தார். நான் தோள்பட்டை எலும்பின் வெளி விளிம்பைத் தேடி, அதன் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி வைத்துக்கொண்டு, மீண்டும் தூக்கச் சொன்னேன். கை 85இல் நின்றது. "சார், நான் தூக்கத்தான் செய்றேன், நீங்க புடிச்சுக்கிட்டீங்களே" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தோள்பட்டை எலும்புதான் அதுவரை மீதி வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதுகும் சற்றுப் பின்னால் வளைந்து உதவியது.

கையை முழுவதுமாக உயர்த்தும் 180 டிகிரியில், ஏறத்தாழ 120 தோள் மூட்டிலும் 60 தோள்பட்டை எலும்பு விலாக் கூட்டின் மேல் நகர்வதிலும் கிடைக்கின்றன. இறுகிய தோளில் இந்தப் பங்கீடு கலைந்துவிடுகிறது. அந்த அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு எண்களும் தேவையானவையே. 130 என்பது பரணிலிருந்து பாத்திரம் எடுக்க அவர் கை எவ்வளவு உயரும் என்பதைச் சொல்கிறது. 85 என்பது சிகிச்சை எங்கே செய்யப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. எதை அளந்தோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியிருந்தால், அடுத்த மாதம் வேறொருவர் எலும்பைப் பிடித்து அளந்து 100 என்று எழுதியிருப்பார். உண்மையில் 15 டிகிரி தேறியவர் 30 டிகிரி மோசமாகிவிட்டதாகக் கோப்பு சொல்லியிருக்கும்.

இடுப்பில் ஏமாற்றுவது இடுப்புக்கூடு. மல்லாந்து படுத்தவரின் முழங்காலை மார்பை நோக்கி நகர்த்தும்போது உங்கள் மறு கையை அவருடைய கீழ்முதுகுக்கு அடியில் நுழைத்து வைத்திருங்கள். முதலில் அங்கே ஓர் இடைவெளி இருக்கும். முதுகு உங்கள் விரல்களை அழுத்தத் தொடங்கும் அந்தக் கணத்தோடு இடுப்பு மூட்டின் மடக்கல் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வருவது முதுகெலும்பின் வளைவு. இயல்பான மடக்கல் 120 டிகிரி அளவில் இருக்கும்.

முன்கைச் சுழற்சியில் தோள் ஏமாற்றும். முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடையில் மடித்த துண்டைச் செருகி, அது விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் இன்னும் நல்லது. முழங்கை விலகினால் தோள் சுழன்று உள்ளங்கையைத் திருப்பிவிடும். மேல்நோக்கித் திருப்புவதும் கீழ்நோக்கித் திருப்புவதும் ஒவ்வொன்றும் 80 டிகிரி அளவு வரும்.

7. முகடுகளைத் தொட்டறிந்து பட்டைகளை வையுங்கள்

பட்டையைச் சதையின் ஓரமாக வைக்கக் கூடாது. எலும்பின் ஒரு முகட்டிலிருந்து இன்னொரு முகட்டை நோக்கி வைக்க வேண்டும். முழங்காலை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்ப்போம்.

அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்து, மறு கையால் காலை உள்ளும் வெளியுமாக உருட்டுங்கள். உள்ளங்கைக்குக் கீழே கெட்டியாக ஒன்று உருளும். அது தொடை எலும்பின் மேல்முனையிலுள்ள பெரிய புடைப்பு. பேனாவால் குறியிடுங்கள். பருமனானவர்களிடம் நாம் நினைப்பதைவிட ஆழத்தில்தான் இது கிடைக்கும். அவசரப்பட்டு ஊகத்தில் குறியிட வேண்டாம். அடுத்து முழங்காலின் வெளிப்பக்கத்தில் தொடை எலும்பின் அகன்ற புடைப்பைத் தொட்டுக் குறியிடுங்கள். மூன்றாவது, கணுக்காலின் வெளிப்புற முண்டு. அதைத் தேடவே வேண்டியதில்லை.

நிலைப்பட்டை மேல் குறியை நோக்கியும், நகர்பட்டை கணுக்கால் முண்டை நோக்கியும், ஆணி நடுக்குறியின் மேலும் இருக்க வேண்டும். முதலில் காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் சிறு துண்டுச் சுருளை வைத்து, பூஜ்ஜியத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். சுருள் இல்லாவிட்டால் படுக்கையே முழங்கால் பின்னோக்கிப் போவதைத் தடுத்துவிடும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடியே முழங்காலை மடக்கச் சொல்லுங்கள்.

மடங்கியபின் மூன்று குறிகளும் கருவியோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம். இரண்டாம் படியில் சொன்னதுபோல் அச்சு நகர்கிறது. குறியிட்ட தோலும் எலும்பின் மேல் வழுக்குகிறது. அப்போது பட்டைகள் இரண்டையும் எலும்புகளின் போக்கில் சரியாக வைத்துவிட்டு, ஆணி எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆணியைப் பிடிவாதமாகக் குறியின் மேலேயே வைத்துக்கொண்டு பட்டையைச் சாய்ப்பவர்கள்தான் பிழை செய்கிறார்கள். கோணத்தை உண்டாக்குபவை பட்டைகள்.

கண் கருவியின் மட்டத்துக்கு வரும்படி குனிந்து, கருவி உடலில் இருக்கும்போதே படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் சில டிகிரிகள் தவறும்.

மற்ற மூட்டுகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கைக்கு ஆணி அதன் வெளிப்புடைப்பில். ஒரு பட்டை தோள் நுனியை நோக்கி, மற்றது கட்டைவிரல் பக்க மணிக்கட்டு முகட்டை நோக்கி. மடக்கல் 150 டிகிரி வரை. கணுக்காலுக்கு ஆணி வெளி முண்டின் அருகே. ஒரு பட்டை முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் தட்டுப்படும் எலும்புத் தலையை நோக்கி, மற்றது பாதத்தின் வெளி விளிம்புக்கு இணையாக. மேல்நோக்கி 20, கீழ்நோக்கி 50. தோளைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, பாதியைக் கடந்ததும் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்ப அனுமதியுங்கள்; மேற்கை எலும்பு வெளிநோக்கிச் சுழன்றால்தான் அதன் புடைப்பு தோள் நுனி எலும்பில் இடிக்காமல் மேலே செல்லும். உள்ளங்கை கீழே பார்த்தபடியே தூக்கச் சொல்லிவிட்டு, தோள் இறுகிவிட்டது என்று எழுதிய குறிப்புகளை நான் திருத்தியதுண்டு.

8. எது தடுக்கிறது என்பதை விரல்களால் கேளுங்கள்

நீங்கள் அசைக்கும் முறையில், எல்லையை நெருங்கும்போது சற்றே கூடுதலாக அழுத்திப் பாருங்கள். முழங்கையை நீட்டினால் எலும்பில் எலும்பு முட்டுவது போன்ற கெட்டியான நிறுத்தம் வரும்; முழங்கை எலும்பின் கொக்கி, மேற்கை எலும்பின் குழியில் சென்று அமர்வதே அதற்குக் காரணம். அதே முழங்கையை மடக்கினால் சதையும் சதையும் அமுங்கும் மென்மையான நிறுத்தம். தோளை வெளிநோக்கிச் சுழற்றினால் தோல் வாரை இழுப்பது போன்ற, சற்று மீளும் நிறுத்தம். அது மூட்டுறையும் தசைநார்களும் இழுபடுவது.

ஒவ்வோர் அசைவுக்கும் உரிய நிறுத்தம் இது என்று தெரிந்தால், இடம் மாறி வரும் நிறுத்தம் உடனே கைக்குத் தெரியும். மென்மையாக முடிய வேண்டிய இடத்தில் கெட்டியாக முட்டுவது, இழுபட வேண்டிய இடத்தில் தசை வெடுக்கென இறுகித் தடுப்பது, எந்தத் தடையுமே இல்லாமல் வலியால் மட்டும் அவர் நிறுத்தச் சொல்வது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வலியால் நின்ற மூட்டை இறுகிய மூட்டு என்று எண்ணி நீட்டிவிட முயல்வது தீங்கு செய்யும்.

ஒரே மூட்டில் எந்த அசைவு அதிகம் குறைந்திருக்கிறது என்பதும் பேசும். தோளின் மூட்டுறை முழுவதும் சுருங்கியிருந்தால், வழக்கமாக வெளிச்சுழற்சி மிக அதிகமாகவும், அடுத்து விலக்கலும், அதற்கடுத்து உட்சுழற்சியும் குறைந்திருக்கும். ஒரே ஓர் அசைவு மட்டும் குறைந்து மற்றவை முழுமையாக இருந்தால் மூட்டுறையைக் குறை சொல்வதற்கு முன் தசைகளைப் பாருங்கள்.

எதிர்ப்புறப் பிழையும் உண்டு. முழங்கையோ முழங்காலோ பூஜ்ஜியத்தைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னோக்கி வளைபவர்களைப் பார்த்து, நல்ல நெகிழ்வு என்று பாராட்டி மேலும் நீட்டச் செய்கிறார்கள், குறிப்பாக யோகா வகுப்புகளில். மற்ற மூட்டுகளும் அவ்வாறே தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவர்கள் இவர்கள். இவர்களுக்குத் தேவை நீட்டல் அல்ல, அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் வலு.

9. எழுதும் முறை

"முழங்கால் 85 டிகிரி" என்று எழுதினால் அது பாதிச் செய்தி. 0 முதல் 85 வரையா, 10 முதல் 95 வரையா? இரண்டுக்கும் மொத்தம் 85தான். முன்னவர் காலை முழுவதும் நீட்டி நிற்பார். ஆனால் நாற்காலியிலிருந்து எழச் சிரமப்படுவார். பின்னவர் ஓரளவு எழுந்துவிடுவார். ஆனால் முழங்கால் மடங்கியபடியே நடந்து, தொடைத் தசை நாள் முழுவதும் ஓயாமல் உழைத்துக் களைத்துவிடும். சமதரையில் நடப்பதற்குச் சுமார் 60 டிகிரி மடக்கல் போதும் என்பதால், நீட்டலில் இழந்த 10 டிகிரியே பின்னவருக்குப் பெரிய இழப்பு.

ஆகவே மூன்று எண்களாக எழுதுங்கள்: நீட்டல், பூஜ்ஜியம், மடக்கல் என்ற வரிசையில். பின்னோக்கி 5 டிகிரி வளைந்து, 140 வரை மடங்கும் முழங்கால் 5–0–140. முழுவதும் நீண்டு, 85 வரை மடங்குவது 0–0–85. நீளாமல் 10 டிகிரியில் நின்று, 95 வரை மடங்குவது 0–10–95. நடுவில் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் அந்த மூட்டு இயல்பு நிலைக்கே வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எண்ணோடு ஐந்து செய்திகள் சேர வேண்டும்: எந்தப் பக்கம், தானாகவா பிறர் அசைத்தா, எந்த நிலையில் படுத்திருந்தார், எந்த எலும்பு பிடிக்கப்பட்டது, எது தடுத்தது. ஒரு மாதிரி:

"வலது முழங்கால், மல்லாந்த நிலை, தானாக 0–10–95, பிறர் அசைத்து 0–5–105, மடக்கலின் முடிவில் முன்பக்கம் இழுக்கும் நிறுத்தம், வலி லேசாக. இடது முழங்கால் தானாக 0–0–145. காலை 10 மணி."

நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாத நோயால் வீங்கிய மூட்டுகள் காலையில் இறுகி, நண்பகலுக்குள் தளர்பவை. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அளந்தால், மருந்து செய்யாத முன்னேற்றத்தை மருந்தின் கணக்கில் எழுத நேரும்.

மறு அளவையை இயன்றவரை அதே நபர், அதே கருவியால், அதே நேரத்தில் எடுக்க வேண்டும். அப்போதும் 5 டிகிரிக்குள் வரும் வேறுபாட்டை முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ நோயாளியிடம் சொல்லாதீர்கள்; அவ்வளவு வேறுபாடு தேர்ந்த கைகளிலும் வரும். அடுத்த வாரம் அந்த முழங்கால் 0–8–98 என்று வந்தால் மாற்றமில்லை என்றே எழுதுங்கள். 0–0–110 என்று வந்தால் மட்டும், காலை முழுவதும் நீட்டி நின்று காட்டச் சொல்லி, அவரையும் பார்க்கச் செய்யுங்கள்.